மப்ளர் மாமாவின் போண்டா சட்டம்

சூடான போண்டாவை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதைத் தின்னவிடாமலே அவனைச் சித்திரவதை செய்யலாம் என்று கண்டுபிடித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பம்பாயில் மாதுங்காவில் இருந்தார். என் போதாத காலம், நானும் அவருடைய அறையில்தான் இருந்தேன்.

அவருடைய நிஜப் பெயர் ஆபீஸ் பியூனுக்கே மறந்துபோயிருந்தது. எல்லோருக்கும் அவர் மப்ளர் மாமா. பாலக்காட்டுக்காரர். ஃபோர்ட் வட்டாரத்தில் யந்திரங்கள் விற்கும் வெள்ளைக்காரக் கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தார். நான் அங்கேயே குமாஸ்தா. அறுபதுகளின் தொடக்கத்தில் கம்பெனி அவரை யந்திரம் பழகிவர ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பிவைத்தது. அந்த ஊர்ப் பெயரை மாமா சொல்லும்போது தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். அங்கே யந்திரத்தைப் பற்றி என்ன பழகினாரோ தெரியாது. ஒரு சனிக்கிழமை அந்த ஊர் ஃபுட்பால் மைதானத்துக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான், போன மனிதர் வேறு, வந்த மனிதர் வேறு.

கழுத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்ட கம்பளி மப்ளர். பம்பாயில், அதுவும் வேர்த்து ஊற்றும் மே மாதத்தில், அதைக் கட்டிக்கொண்டுதான் ரயிலேறுவார்.

"மாமா, வேர்க்குரு வந்துடும்" என்பேன்.

"வரட்டுமே. உன் கழுத்திலயா வரப்போறது?"

மழைக்காலம் வந்தால்தான் பம்பாயில் ஃபுட்பால். மாமாவுக்கு அதில் பரம சந்தோஷம். "அங்கேயும் இப்படித்தான்டா, மழை பக்கவாட்டிலே பெய்யும். ஒரு தகரக் கொட்டகை. மொத்த ஊரும் அதுக்குள்ளே" என்பார். எங்கள் மைதானத்தில் தகரக் கொட்டகைகூடக் கிடையாது. சேறு மட்டும் தாராளம். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் என்னைச் சாப்பிடவும் விடாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார். வழியில் ஒரு பொட்டலம் நிறைய போண்டா வாங்குவார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பார்.

முதல் தடவை பசி மயக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனேன். பளீரென்று மணிக்கட்டில் ஓர் அடி.

"கடிக்கப்படாது! ஹாஃப் டைம் விசில் அடிச்சப்புறம்தான். அதுவரைக்கும் கையிலே வெச்சுக்கணும். அங்கே அப்படித்தான்."

அங்கே அப்படித்தான் என்றால் மேற்கொண்டு அப்பீல் கிடையாது. மழையில் போண்டா நனையும், எண்ணெய் முழங்கை வரை வழியும், தலைக்கு மேல் காக்கைகள் வட்டமிடும். ஒருமுறை ஒரு பருந்து என் போண்டாவைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது. பருந்துக்கு மட்டும் சட்டம் கிடையாதா என்று கேட்டேன். மாமா பொட்டலத்திலிருந்து இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்காவது தலையெழுத்து. பக்கத்தில் நிற்கும் அப்பாவிகள் என்ன பாவம் செய்தார்கள்? தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரர் ஆட்டம் பார்க்க வருவார். அவர் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டுச் சட்டத்தை எடுத்துச் சொன்னார் மாமா. அவர் போண்டாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவே இது? திங்கதுக்குத் தந்தீரா, அடைகாக்கதுக்குத் தந்தீரா?"

அதைச் சொல்லிவிட்டு அவரும் அடைகாத்தார் என்பதுதான் வேடிக்கை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு வரிசையே போண்டாவும் கையுமாக நிற்க ஆரம்பித்துவிட்டது.

இதுவரை நடந்ததெல்லாம் வெறும் தொல்லை. மாமா என் வாழ்க்கையிலேயே கை வைத்தது அடுத்த வருஷம்.

செம்பூரில் சரோஜா என்று ஒரு பெண். மாதுங்கா கோயில் உற்சவத்தில் பார்த்தேன். அன்றிலிருந்து ஆபீஸில் எதைக் கூட்டினாலும் தப்பு. எனக்குப் பம்பாயில் பெரியவர்கள் யாரும் இல்லாததால் மாமாவே போய்ப் பேசி, பெண் பார்க்க நாளும் குறித்துவிட்டு வந்தார். என்ன நாள்? சனிக்கிழமை.

"மாட்ச் முடிஞ்சு நேரே போயிடலாம். விளக்கேத்தற நேரத்துக்குச் செம்பூர்லே இருப்போம்" என்றார்.

அன்று பார்த்து வானம் பொத்துக்கொண்டது. ஆட்டம் பாதியில் நின்று மறுபடி தொடங்கியது. எங்கள் பேட்டை அணி நாலு கோல் வாங்கியிருந்தது. திருநெல்வேலிக்காரர்கூட வீட்டுக்குப் போய்விட்டார்.

"மாமா, அவா காத்திண்டிருப்பா. கிளம்பலாம் மாமா!" என்று கெஞ்சினேன்.

"விசில் அடிக்கட்டும். தோக்கற டீமை விட்டுட்டு ஓடறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

விசில் அடிப்பதற்குள் இன்னும் ஒரு கோல் விழுந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு செம்பூர் போய்ச் சேர்ந்தபோது, விளக்கேற்றி வெகுநேரம் ஆகியிருந்தது. சரோஜாவின் அப்பா ரயில்வேக்காரர், நேரம் தவறினால் பொறுக்காதவர். எங்கள் இருவரின் காலடிச் சேற்றையும் வாசலிலிருந்து கூடம் வரை கண்ணாலேயே அளந்தார். ஆனாலும் மரியாதைக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. சரோஜா வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள்.

மாமா ஒரு பஜ்ஜியை எடுத்தார். இரண்டு கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைவிடக் கொடுமை, என் கையிலும் ஒரு பஜ்ஜி அப்படியே இருந்தது. பழக்கதோஷம்!

பெண்ணைப் பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சரோஜாவின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பிடிக்கலேன்னா நேரே சொல்லிடுங்கோ. பஜ்ஜியைக் கையிலே வெச்சுண்டு யோசிக்கவேண்டாம்."

ஐயோ, பிடிக்கவில்லையா! முழு பஜ்ஜியையும் வாயில் திணித்துக்கொள்ளப் பாய்ந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் அவர் கழுத்தில் அந்த மப்ளரையே போட்டு இறுக்கியிருப்பேன்.

"தப்பா நினைச்சுக்கப்படாது" என்று மாமா ஆரம்பித்தார். "நான் சீமைக்குப் போன புதுசு. யாரும் என்னோட பேசமாட்டா. ஒருநாள் மைதானத்துக்குப் போனேன். குளிர்லே விரல் மரத்துப்போச்சு. பக்கத்திலே நின்ன கிழவன், கடையிலே 'மட்டன் பை'ன்னு சுடச்சுட ரெண்டு வாங்கி, ஒண்ணை என் கையிலே வெச்சான். மாவுக்குள்ளே ஆட்டுக்கறி வெச்ச பண்டம் அது. நான் எப்படிச் சாப்பிடறது? எப்படி வேண்டாங்கறது? கையிலேயே வெச்சுண்டேன். அவனும் கையிலே வெச்சுண்டிருந்தான், ஹாஃப் டைமுக்குத்தான் தின்னான். சரி, அங்கத்து வழக்கம்னு நினைச்சுண்டேன். ஆட்டம் முடியறவரைக்கும் என் கை சூடா இருந்தது. கடைசியிலே அவன் என் கையைப் பார்த்தான். நான் திங்கலே. ஒண்ணும் சொல்லலே, தன் மப்ளரைக் கழட்டி என் கழுத்திலே கட்டிட்டுப் போயிட்டான்."

அத்தனை சனிக்கிழமைகளிலும் இதை அவர் என்னிடம் சொன்னதேயில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. பின்னாலேயே சரோஜாவின் குரல்.

"அப்பா, ஹாஃப் டைம் ஆயிடுத்துன்னு சொல்லுங்கோ. பஜ்ஜி ஆறிடும்."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "கரெக்ட்" என்று சொல்லிவிட்டு ஒரே கடி. நானும் கடித்தேன். அந்த வீட்டு மாப்பிள்ளையும் ஆனேன்.

சில வருஷம் கழித்து மாமா ரிடையராகிப் பாலக்காட்டுக்குப் புறப்பட்டார். விக்டோரியா டெர்மினஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் கையில், சரோஜா சுடச்சுடப் போட்டுக் கொடுத்த போண்டாவை வைத்தேன்.

"இப்பவே சாப்பிடுங்கோ மாமா. ஆறினா நன்னா இருக்காது."

"போடா. வாடி ஜங்ஷன் வந்தாத்தான் ஹாஃப் டைம். அப்புறம்தான்."

வாடிக்கு எப்போது போய்ச் சேருவது! தலையில் அடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது மாமா மப்ளரைக் கழற்றி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கழுத்தில் போட்டுவிட்டார்.

மே மாத மத்தியானம். கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றி, அரித்துப் பிடுங்கியது. மின்சார ரயிலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.