பதவி வரிசைப்படி ஒரு மாரத்தான்

எடை அளவைத் துறையின் வட்டார அலுவலகத்தில் பணிபுரியும் இருபத்து மூன்று பேரும் மாரத்தான் ஓட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர். கடைக்காரர்களின் தராசுக்கு முத்திரை குத்துவதற்கும் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்துவிடும்.

எல்லாம் இயக்குநரால் வந்த வினை. போன மாதம் ஏதோ ஒரு பயிலரங்குக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது காலில் கிளிப்பச்சை ஷூ, கையில் இதயத் துடிப்பைச் சொல்லும் கடிகாரம், வாயில் "மாரத்தான் என்பது ஓட்டமல்ல, வாழ்க்கை" என்ற வாசகம். அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே மணிக்கொரு தரம் தன் இதயத் துடிப்பைப் பார்த்துத் திருப்தி அடைந்துகொண்டிருந்தார்.

சமூக உணர்வு, விடாமுயற்சி, தோளோடு தோள் நிற்றல் ஆகிய உயரிய பண்புகளை ஊழியர்களிடையே வளர்ப்பதே நோக்கம் என்றது சுற்றறிக்கை. அதோடு நிறுத்தியிருந்தால் ஆளுக்கொரு மருத்துவச் சான்றிதழ் வாங்கி எல்லாரும் தப்பித்திருப்பார்கள். கடைசிப் பத்தியில்தான் கத்தி இருந்தது. மாரத்தானை முடித்த சான்றிதழ் இணைக்கப்படாத இடமாறுதல் மனுக்கள் இனிமேல் பரிசீலிக்கப்பட மாட்டாவாம்.

அந்தப் பத்தியைத் தபாலம்மா இரண்டு முறை படித்தார். தபால் பிரிவில் எழுத்தராக இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் எண் போட்டுப் பதிவது அவர் வேலை. ஐந்து வருஷமாகத் தன் இடமாறுதல் மனுவுக்கும் தன் கையாலேயே எண் போட்டு வந்தார். கணவர் எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் பள்ளி ஆசிரியர். ஏழு வயது மகள் அப்பாவிடம் வளர்கிறாள். "அம்மா, நீ எப்பம்மா நம்ம வீட்டுக்கு வருவ?" என்று அவள் தினமும் போனில் கேட்பாள். அதைக் கேட்டுவிட்டு இந்த அம்மாள் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

எனவே அவர் ஓடக் கற்றுக்கொண்டார். மூன்று மாதம், தினமும் விடியற்காலையில், பூங்காவைச் சுற்றிச் சுற்றி. முட்டி வீங்கியது, கால் நகம் ஒன்று கழன்று விழுந்தது. அங்கே ஓட வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரும் முடிதிருத்துபவர் ஒருவரும் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓடினார்கள், பாதி வாழைப்பழம் கொடுத்தார்கள். அவருடைய பதவி என்ன, ஊதிய நிலை என்ன என்று அவர்கள் கேட்கவே இல்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று தபாலம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. கீழ்நிலை ஊழியர் ஓட்டத்தின்போது மேலதிகாரியை முந்தலாமா என்று கண்காணிப்பாளர் ஒரு கோப்பைத் திறந்தார். கண்காணிப்பாளர் இயக்குநருக்கு அடுத்த நிலை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூடத் தானாக முடிவெடுத்தது இல்லை என்ற பெருமை உள்ளவர். கோப்பு மேலே போய்க் கீழே வந்தது. ஊழியர்கள் பதவி வரிசைப்படி மேலதிகாரியைப் பின்தொடர வேண்டும், முந்துவது தவிர்க்க இயலாததெனில் உரிய வழியாக விண்ணப்பித்து இயக்குநரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஓட்டத்தில் கற்ற வாழ்க்கைப் பாடங்கள் பற்றிய அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"ஓடறதுக்கு முன்னாடியே எப்படி சார் பாடம் எழுதறது?" என்று தபாலம்மா கேட்டார்.

"என்ன பாடம்னு தெரியாம எப்படிம்மா ஓடுவீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

முத்திரை ஆய்வாளர் ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். அதனால் அத்தனை பேரும் இருபதாவது கிலோமீட்டரில் கண்ணீர் விட்டு அழுது, சக ஊழியரின் கையைப் பற்றிக்கொண்டு, விடாமுயற்சியின் மேன்மையை உணர்ந்திருந்தார்கள். ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் வரவேண்டிய ஓட்டுநரும் இருபதாவது கிலோமீட்டரில் அழுதிருந்தார்.

ஞாயிறு காலை ஐந்து மணி. ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூட்டமாக ஓட, எடை அளவைத் துறை மட்டும் வரிசையாகப் புறப்பட்டது. முதலில் இயக்குநர், அடுத்து கண்காணிப்பாளர், பிறகு ஆய்வாளர். பதினேழாவதாகத் தபாலம்மா. இயக்குநர் நடந்தார். அதனால் துறையே நடந்தது. தபாலம்மாவுக்குக் கால் பரபரத்தது. பகல் பன்னிரண்டுக்குள் முடிக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது.

பதினோராவது கிலோமீட்டரில் இயக்குநரின் போன் அடித்தது. பேசி முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு, உடனே அமலுக்கு வருகிறது.

"நண்பர்களே, வாழ்க்கையில முன்னேறிக்கிட்டே இருக்கணும். அதுதான் மாரத்தான் சொல்ற பாடம்" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கண்காணிப்பாளர் நின்றார். அவர் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள்.

"என்ன சார், நின்னுட்டீங்க?" என்று தபாலம்மா வரிசையில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"இயக்குநரை முந்தக் கூடாதேம்மா."

"அவர்தான் போயிட்டாரே! முன்னாடி யாருமே இல்லையே சார்!"

"ஆள் இல்லம்மா. பதவி இருக்கு. காலியா இருக்கு."

"அப்ப அனுமதி வாங்கிட்டு முந்துங்க."

"அனுமதி குடுக்க வேண்டியவர் இயக்குநர். அவர்தான் இல்லையே."

தலைமை அலுவலகத்தைக் கேட்கலாம் என்றார் ஆய்வாளர். ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? நாளை காலை பத்தரை வரைக்கும் இப்படியே நிற்பதுதான் முறை என்று முடிவாயிற்று. சாலையோரம் நின்றிருந்த மக்கள், இவர்கள் ஏதோ கோரிக்கைக்காகப் போராடுகிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

முக்கால் மணி நேரம் போயிற்று. தாமதமாகப் புறப்பட்டு ஓடி வந்த பூங்கா நர்ஸம்மா தபாலம்மாவைப் பார்த்ததும் நின்றார்.

"என்னம்மா, காலுக்கு என்ன ஆச்சு? நிக்கறியே?"

"கால் நல்லாத்தான் இருக்கு. பதவி காலியா இருக்கு."

"உன் பொண்ணு அங்க உனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. நீ இங்க யாருக்காகக் காத்துக்கிட்டிருக்க?"

தபாலம்மா ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். அடுத்த நொடி வரிசையை விட்டு வெளியே வந்தார், ஓடினார். பதினைந்து அதிகாரிகளைத் தாண்டி, காலியாக இருந்த பதவியையும் தாண்டி ஓடினார். "முந்தறாங்க! முந்தறாங்க!" என்று ஆய்வாளர் திருடனைக் கண்டவர் போலக் கத்தினார்.

கண்காணிப்பாளர் யோசித்தார். முன்னால் இப்போது ஓர் ஆள் இருக்கிறார், அவரைப் பின்தொடர விதியில் இடம் இருக்கிறது. ஆனால் கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. களைத்து விழுந்தவர்களை ஏற்றிக்கொள்ளும் பேருந்து கடைசியில் ஊர்ந்து வந்தது. இருபது பேரும் பதவி வரிசைப்படி அதில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"அந்தம்மாவை மட்டும் முந்திடாதீங்கப்பா" என்று பேருந்து ஓட்டுநரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள்.

இருபதாவது கிலோமீட்டரில் தபாலம்மாவுக்கு அழுகை வரவில்லை. முப்பத்தைந்தாவதில் வந்தது. மகளின் முகம் கண்ணுக்குள் நிற்க, ஓடிக்கொண்டே தேம்பி அழுதார். பெயர் தெரியாத மனிதர்கள் கைதட்டினார்கள். பேருந்தின் ஜன்னல்களில் இருபது தலைகள் எட்டிப் பார்த்து, "ஓடுங்க மேடம்! விட்டுடாதீங்க மேடம்!" என்று கத்தின. மேடம் என்று அவர்கள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் முடிவுக் கோட்டைத் தொட்டார். ஐம்பது மீட்டர் முன்பே இறங்கிக்கொண்ட மற்றவர்கள் மூச்சு வாங்குவது போல வாங்கிக்கொண்டு வரிசையாக வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் அழைத்தபோது, விளக்கம் கேட்டு ஓலை வரப்போகிறது என்றுதான் தபாலம்மா நினைத்தார்.

"உக்காருங்க மேடம். மேலதிகாரியை யாரும் முந்தக் கூடாதுன்னு விதி. நம்ம ஆபீஸ்ல விதிமீறல் நடந்ததே இல்லைன்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திருக்கோம். ஆனா நீங்க எல்லாரையும் முந்தியிருக்கீங்க. அப்ப நீங்க யாரு?"

"தபால் எழுத்தர் சார்."

"தபால் எழுத்தர் முந்தியிருந்தா அது விதிமீறல். தடுக்காத எங்க இருபது பேருக்கும் மெமோ வரும். அதனால நீங்க எங்க எல்லாருக்கும் மேலதான் இருந்திருக்கணும். நீங்கதான் மேடம் பொறுப்பு இயக்குநர்."

தலைமை அலுவலகம் ஒரே மணி நேரத்தில் ஒப்புதல் அனுப்பியது. யாரும் யோசிக்கத் தேவையில்லாத உத்தரவுகள் சீக்கிரம் வந்துவிடும். தபாலம்மா பெரிய நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். முதல் வேலையாகப் பத்து இடமாறுதல் மனுக்கள் மேஜைக்கு வந்தன. எல்லாவற்றிலும் சான்றிதழ் இருந்தது. மேலே இருந்தது அவருடையது.

அவர் பேனாவை ஆசையோடு எடுத்தார். கண்காணிப்பாளர் இருமினார்.

"நிரந்தர இயக்குநர் வர்ற வரைக்கும் பொறுப்பு இயக்குநரை விடுவிக்கக் கூடாதுங்க மேடம். விதி இருக்கு."

"எப்ப வருவார்?"

"போன தடவை நாலு வருஷம் ஆச்சு."

தபாலம்மா தன் மனுவை முதலிலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. கண் நிறைந்து எழுத்து மங்கியது. 'நிர்வாக நலன் கருதி நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன் வந்தது.

"என்னம்மா, ஆர்டர் ஏதாவது வந்துச்சா?"

"வந்துடுச்சுங்க. நான்தான் போட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்காணிப்பாளர் நகரவில்லை. அவர் குரல் குழைந்தது.

"மேடம், அடுத்தது என்னோடதுங்க. எங்கம்மாவுக்கு ரொம்ப முடியல. கூட இருந்து பாத்துக்க ஆள் இல்ல."

தபாலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்.

"என் மனுவையே தள்ளிட்டேன் சார். உங்களோடதை மட்டும் பாஸ் பண்ணினா நாலு பேர் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பத்தும் தள்ளுபடியாயின. கண்காணிப்பாளர் மனுக்களை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அங்கே காத்திருந்தவர்களிடம், "சொந்த மனுவையே தள்ளிட்டாங்கப்பா. இப்படி நேர்மையான அதிகாரியை நான் பார்த்ததே இல்ல" என்றார். எல்லாரும் மனசார ஆமோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவரவர் மனுவை வாங்கிப் பார்த்தார்கள்.