குறை எழுதப் போன அம்மையப்பன்

முப்பத்தோரு வருட இல்லறத்தில் ஒரே ஒரு தடவையாவது மனைவியை ஜெயித்துவிடுவது என்று அம்மையப்பன் தீர்மானம் செய்தது, ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை இட்லிக்கும் இரண்டாவது காப்பிக்கும் நடுவில்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசைக்கு வந்த எந்தக் கோப்பும் குறை எழுதப்படாமல் திரும்பிப் போனதில்லை. ஒருமுறை குறையே இல்லாத கோப்பு ஒன்று வந்துவிட்டது. நாள் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாள் அதிக வெள்ளையாக இருக்கிறது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஓய்வுக்குப் பிறகு கோப்புகள் வருவது நின்றது. மாப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

மகள் சித்ரலேகா பல் டாக்டர். அவளுக்கு வந்த நான்கு வரன்களிலும் அப்பா குறை கண்டுபிடித்தார். முதல் மாப்பிள்ளைக்கு இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. இரண்டாமவன் தும்மியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்றாமவன், தேங்காய்ப்பால் சொதிக்குத் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். திருநெல்வேலிச் சைவ வீட்டில் இதற்கு மன்னிப்பே கிடையாது. நான்காமவன் துவையல் கேட்டான். ஆனால் மூன்று தடவை கேட்டான்.

ஐந்தாவது, பேட்டைக் குமரவேல். தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை. ஜாதகம் பொருந்திவிட்டது. சித்ரலேகாவுக்குப் பிடித்துவிட்டது. அவள் அம்மா பிரம்மநாயகிக்கும் பிடித்துவிட்டது. ஆடி முடிவதற்குள் சம்மதம் சொன்னால் ஆவணியில் கல்யாணம். அம்மையப்பன் மட்டும் புகைப்படத்தைக்கூடப் பார்க்கவில்லை. புகைப்படம் பார்ப்பது பாதிச் சம்மதம் என்பது அவர் கொள்கை.

"இருபத்தொம்பது வயசுல, டிவியில பொம்மைச் சண்டை விளையாடுதானாம்! அதுக்கு ஊர் ஊராப் பந்தயம் வேற. இவனுக்கா பொண்ணு குடுக்கச் சொல்லுதே?"

"ஆறு நாள் பட்டறை பாக்கான். ஞாயித்துக்கிழமை விளையாடுதான். நீங்க ஞாயித்துக்கிழமை என்ன செய்யுதியோ?"

"தூங்குதேன்."

"அதுக்குப் பந்தயம் வச்சா உங்களை யாரு ஜெயிக்க முடியும்?"

"பேச்சை மாத்தாதே நாயகி. சண்டைக்காரப் பய நாளைக்கு வீட்டுலயும் கையை ஓங்குவான்."

பிரம்மநாயகி அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள்.

"சரி. இன்னைக்குச் சாயங்காலம் பாளையங்கோட்டை மண்டபத்துல கடைசி ஆட்டமாம். நேர்ல போங்க. யாருன்னு சொல்லிக்கிடாம விசாரிங்க. ஒரே ஒரு குறை எழுதிட்டு வாங்க. இந்தப் பேச்சையே விட்டுருதேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா தோளு, தும்மல், துவையல் எல்லாம் செல்லாது. சித்ரா படிச்சுப் பாத்துட்டு 'ஆமாப்பா'ன்னு சொல்லணும். அப்படிக் குறை இல்லேன்னா, ஆவணியில சிரிச்ச முகத்தோட தாம்பூலம் மாத்தணும்."

அம்மையப்பனுக்குக் காப்பி தேனாக இனித்தது. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையை மறைவாக விசாரிப்பது ஊர் வழக்கம். அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டார். சண்டை நடக்கும் இடமாயிற்றே என்று வலித்தைலமும் பஞ்சும் எடுத்துக்கொண்டார்.

"அடிபடுதது பொம்மைக்கு" என்றாள் பிரம்மநாயகி.

"வேடிக்கை பாக்கவன் மேல ஒண்ணு விழுந்தா?"

அம்மையப்பனைப் பற்றி இங்கே இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். அவரால் எதையும் சும்மா வேடிக்கை பார்க்க முடியாது. இரண்டு டவுன் பஸ்கள் முந்திக்கொண்டு போனால், ஏதாவது ஒன்றைத் தன் பஸ்ஸாக எடுத்துக்கொள்வார். அது பிந்திவிட்டால் அன்று சோறு இறங்காது. இது பிரம்மநாயகிக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

மண்டபத்தின் உள்ளே போனவர் திகைத்து நின்றார். ஆடியில் கல்யாணம் கிடையாதல்லவா? சும்மா கிடந்த மண்டபத்தைப் பந்தயக்காரர்கள் பிடித்திருந்தார்கள். மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே இருந்தன. அவற்றில் இரண்டு பேர் உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு பொத்தான் பலகையை வைத்துக்கொண்டு படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த பெரிய திரையில் இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று உதைத்தன.

"மணமேடையிலேயே ஆரம்பிச்சுட்டானுவளே. நமக்கெல்லாம் மூணு மாசம் ஆச்சு" என்று நினைத்துக்கொண்டார் அம்மையப்பன்.

ஆட்டம் முடிந்தது. தோற்றவன் எழுந்து, ஜெயித்தவன் கையைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தான். அம்மையப்பனுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. பஞ்சு வீண்.

"ஐயா, இங்கன உக்காருங்க. காத்தாடிக்கு நேரா இருக்கு" என்று ஓர் இளைஞன் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டான். நகக் கண்ணில் மசகெண்ணெய்க் கறுப்பு. அமைதியான முகம். உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் ஒரு பப்ஸ் நீட்டினான்.

"காய்கறி பப்ஸ்தான் ஐயா. மேல முட்டை தடவாதது. கேட்டுத்தான் வாங்கினேன்."

"நான் சைவம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நெத்தி நிறையத் திருநீறு இருக்கே."

கெட்டிக்காரப் பையன் என்று அம்மையப்பன் மனத்தில் குறித்துக்கொண்டார். பப்ஸைக் கடித்தபடி நோட்டைத் திறந்தார். விசாரணை தொடங்கியது.

"தம்பி, பேட்டைக் குமரவேல்னு ஒருத்தன் ஆடுதானாமே. பழக்கம் உண்டா?"

"சின்ன வயசுலருந்தே தெரியும் ஐயா. காலையிலேயே எல்லாரையும் ஜெயிச்சுட்டான். கடைசி ஆட்டம்தான் பாக்கி."

"ஆள் எப்படி?"

"சுமார்தான்."

அம்மையப்பன் பேனா மூடியைக் கழற்றினார். "குடிப்பானோ?"

"காப்பி. நிறையக் குடிப்பான்."

"கோபம்?"

"மெஷின் நின்னா வரும். மெஷின்கிட்ட மட்டும் திட்டுவான்."

"காலையில எப்ப எந்திரிப்பான்?"

"ஞாயித்துக்கிழமைன்னா ஒன்பது ஆயிரும் ஐயா."

அம்மையப்பன் ஆசையாக எழுதக் குனிந்தார். அவரே ஒன்பதரை. பேனாவை எடுத்துவிட்டார்.

"பொய் சொல்லுவானா?"

இளைஞன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டதுக்குப் பொய் சொல்ல மாட்டான். கேக்காததைத் தானாச் சொல்லவும் மாட்டான்."

இதைக் குறையில் சேர்ப்பதா, நிறையில் சேர்ப்பதா என்று அம்மையப்பனுக்கு விளங்கவில்லை. அதற்குள் திரையில் பச்சைச் சட்டை உருவம் ஒன்று அடி மேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பச்சைக்காரன் ஏன் இப்படி வாங்குதான்?"

"தடுக்கத் தெரியலை ஐயா. பின்னால சாஞ்சா தடுப்பு. அடி மேல படாது."

"அப்ப எந்நேரமும் தடுத்துக்கிட்டே இருந்தா யாரும் ஜெயிக்க முடியாதே!"

"அப்படி ஆளுக உண்டு. எது வந்தாலும் தடுப்பாவ. அவ்வோளை அடிச்சு ஜெயிக்க முடியாது. பைய பக்கத்துல போயி, கட்டிப் பிடிச்சுத் தூக்கிப் போட்டுரணும். பிடிக்கு மட்டும் தடுப்பு வேலைக்கு ஆகாது."

அவன் சொல்லி முடிக்கவும் பச்சைக்காரன் தூக்கி எறியப்படவும் சரியாக இருந்தது.

"ஏமாந்த பய!" என்று அம்மையப்பன் வருத்தத்தோடு சொன்னார்.

அப்போது ஒலிபெருக்கி அலறியது. "கடைசி ஆட்டம்! தூத்துக்குடி ஜாய்சி! பேட்டைக் குமரவேல்! மூணு ஆட்டம் ஜெயிக்கிறவங்களுக்குக் கோப்பை!"

பக்கத்து இளைஞன் எழுந்தான். பொத்தான் பலகையை எடுத்துக்கொண்டு பையை அம்மையப்பன் மடியில் வைத்தான்.

"கொஞ்சம் பாத்துக்கிடுங்க ஐயா."

"எங்கன போறே?"

"கூப்பிடுதாவளே. குமரவேல் நான்தான்."

பப்ஸில் பாதி தொண்டைக்கு மேலேயும் பாதி கீழேயும் நின்றது. முறைப்படி அம்மையப்பன் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மடியில் பிறத்தியார் பை. அரசு ஊழியராக இருந்தவர், ஒப்படைக்காமல் எப்படிப் போவார்?

ஜாய்சிக்காக ஒரு வேன் நிறைய ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் மண்டபத்துத் தோரணம் ஆடியது. குமரவேலுக்குக் கை தட்ட ஒருவரும் இல்லை. பட்டறை ஆட்கள் எல்லோரும் சீவலப்பேரியில் கறி விருந்துக்குப் போய்விட்டார்களோ என்னவோ! முதல் ஆட்டம் ஜாய்சிக்கு. வேன் ஆட்கள் குதித்தார்கள். அம்மையப்பனின் காது சிவந்தது. இரண்டாவது ஆட்டத்தில் குமரவேலின் உருவம் மூலையில் மாட்டிக்கொண்டது.

"தடு லே! பின்னால சாஞ்சு தடு லே!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கத்தியது தான்தான் என்று அம்மையப்பனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது ஆட்டம் குமரவேலுக்கு. மூன்றாவது ஜாய்சிக்கு. நான்காவது குமரவேலுக்கு. அம்மையப்பன் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார்.

ஐந்தாவது ஆட்டம் தொடங்கியதும் ஜாய்சி கையைத் தூக்கினாள். அவள் பலகையில் ஒரு பொத்தான் அமுங்கியபடியே நின்றுவிட்டது. நடுவர் உதட்டைப் பிதுக்கினார். ஆட்டத்தின் நடுவே பலகை கெட்டால் அந்த ஆட்டம் எதிராளிக்கு. அதுதான் விதி.

"கோப்பை நமக்குத்தான்!" என்று அம்மையப்பன் வேன் ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

குமரவேல் மேடையிலிருந்து கூப்பிட்டான். "ஐயா, பைக்குள்ள சின்னத் திருப்புளி கிடக்கும். எடுத்துத் தாங்க."

"எதுக்கு?"

"பலகையைச் சரி பண்ணத்தான்."

"எதிராளிக்கா? ஏலே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"இந்தப் பலகையும் என் பட்டறையில செஞ்சதுதான் ஐயா. என் சாமான் கெட்டு ஒருத்தி தோத்தா, அது நான் தோத்த மாதிரி."

அம்மையப்பன் திருப்புளியைக் கொடுத்தார். உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து, "குறை ஒன்று: எதிரிக்கு உதவுகிறான்" என்று எழுதினார். சித்ரலேகா இதைப் படிப்பதாக நினைத்துப் பார்த்தார். தானே இன்னொரு முறை படித்துப் பார்த்தார். மேடையில் குமரவேல் தரையில் மண்டியிட்டு, ஜாய்சியின் பலகைக்கு ஒவ்வொரு திருகாக முடுக்கிக்கொண்டிருந்தான். அம்மையப்பன் எழுதியதை அடித்தார். தாள் கிழிகிற வரைக்கும் அடித்தார்.

குமரவேலே கேட்டுக்கொண்டதால் நடுவர் ஐந்தாவது ஆட்டத்தை மறுபடியும் தொடங்கி வைத்தார். ஜாய்சி லேசுப்பட்டவள் இல்லை. குமரவேல் கொடுத்த ஒவ்வொரு அடியையும் தடுத்தாள். திரையில் அவன் உருவத்தின் உயிரைக் காட்டும் கோடு தேய்ந்து நூலாகிவிட்டது. இன்னும் ஓர் அடி பட்டால் முடிந்தது.

"பைய... பைய பக்கத்துல போ..." என்று அம்மையப்பன் முணுமுணுத்தார். குமரவேல் மெல்ல நெருங்கினான். ஜாய்சி தடுத்தபடி நின்றாள்.

"பிடி லே மாப்பிள்ளை! தூக்கிப் போடு லே!"

தூக்கிப் போட்டான். மண்டபம் அதிர்ந்தது. அம்மையப்பன் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார். வேன் ஆட்களில் ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்த அந்த ஆளுக்கே தன் வலித்தைலத்தைத் தடவிவிட்டார்.

பையைக் குமரவேலிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று சில்லென்று அடித்தது. அம்மையப்பனுக்கு மூளை தெளிந்தது. குறை இல்லை. அது சரி. ஆனால் அதைத் தோற்ற முகத்தோடு போய்ச் சொன்னால் அல்லவா தோல்வி? தேர்ந்தெடுத்தவர் அவர் என்று ஆகிவிட்டால், ஜெயித்தவரும் அவர்தானே! நாலு மாப்பிள்ளைகளை ஒதுக்கியதே இவனுக்காகத்தான் என்று சொல்லிவிடலாம். பஸ் டவுனுக்குள் நுழைவதற்குள் பேச்சைத் தயார் செய்துவிட்டார்.

வெற்றி நடை போட்டு வாசல்படி ஏறினார். கனைத்தார். கனைப்பு வரவில்லை, காற்றுதான் வந்தது.

"தொண்டை கட்டியிருக்குமே. சுக்கு வெந்நி இந்தா இருக்கு" என்று பிரம்மநாயகி தம்ளரை நீட்டினாள். ஆவி பறந்தது.

அவர் ஒரு மிடறு குடித்தார். "நாயகி, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையை நான் தேர்ந்தெடுத்துட்டேன். என் சொந்த விசாரணை. என் சொந்த முடிவு. இதுல நீ குறுக்க பேசப்பிடாது. பேட்டைக் குமரவேல்தான்!"

"சரிங்க. உங்க இஷ்டம்."

இவ்வளவு சுலபமாகவா? முப்பத்தோரு வருடத்தில் முதல் வெற்றி! நெஞ்சை நிமிர்த்தியவர் கண்ணில் டிவி பட்டது. அதில் ஒரு மண்டபம் தெரிந்தது. யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காத்தாடிக்கு நேராக இருந்த நாற்காலி, அவர் ஏறி நின்றதில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"அது... அது என்ன?"

"நேரலைப்பா" என்றாள் சித்ரலேகா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க உள்ள நுழைஞ்சதுலருந்து பாக்கோம். குமரவேலை அஞ்சு நிமிசம் காட்டினாங்க. மிச்ச நேரமெல்லாம் உங்களைத்தான்."

"உங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிடுன்னு அவன்கிட்ட சொன்னதும் நான்தான்" என்றாள் பிரம்மநாயகி. "முட்டை தடவாத பப்ஸ் வாங்கச் சொன்னதும் நான்தான். பேட்டையில குமரவேல் அம்மாவும் உக்காந்து முழுசாப் பாத்தாவ. இப்பத்தான் போன் பண்ணுனாவ. சம்மதமாம்."

"பொண்ணைத்தான் அவ்வோளுக்கு முன்னாலயே பிடிச்சிருந்துதே. இப்ப எதுக்குப் புதுசாச் சம்மதம்?"

"உங்களுக்கு. நீங்க மாப்பிள்ளையை விசாரிக்கப் போனியோ. அவ்வோ மாமனாரை விசாரிச்சாவ."

அம்மையப்பன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னைப் பத்தி... ஏதும் குறை சொன்னாவளா?"

"குறையெல்லாம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாவ. 'அண்ணாச்சி வீட்டுலயும் இப்படித்தான் சத்தம் போடுவாவளா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"பயப்படாதியோ, வீட்டுல அவ்வோ வாயே திறக்க மாட்டாவன்னு சொல்லிட்டேன்."

அதை மறுத்துச் சொல்ல அம்மையப்பன் வாயைத் திறந்தார். பிரம்மநாயகி திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.