ஆசிரியர் கட்டத்தில் ஒரு கையெழுத்து

“ஏம்மா, உங்க லைசென்ஸை இதுவரைக்கும் யாராவது கேட்டுப் பாத்திருக்காங்களா?” என்று, கார் பழக வந்த ஒரு வங்கிக்காரர் ஒருநாள் அவளைக் கேட்டார்.

“மீனைப் பிடிச்சு நீச்சல் தெரியுமான்னு கேப்பீங்களா?” என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. பதினோரு வருடமாக ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள், மூன்று தெரு தள்ளியிருந்த போட்டிப் பள்ளியில், லைசென்ஸ் முடக்கப்பட்டவர்களுக்கான எட்டு மணி நேர வகுப்பில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பழக வருகிறவர்கள் பயப்படும் முன்பே தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர்.

நடந்தது இவ்வளவுதான். சொந்தக் காரைப் பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் லேசாக உரசினாள். கம்பம் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பக்கம் வந்த போலீஸ்காரர் கண்டுகொண்டார். இன்ஷூரன்ஸைக் கேட்டார். அதைப் புதுப்பிப்பது கணவர் வேலை என்று இவள் இருந்தாள். இவள் வேலை என்று அவர் இருந்தார். இருவரும் இருந்த இருப்பில் அது காலாவதியாகி ஏழு வாரம் ஆகியிருந்தது.

லைசென்ஸ் போயிற்று. புது இன்ஷூரன்ஸையும் வகுப்பு முடித்த சான்றிதழையும் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் அன்றைக்கே எடுத்தாயிற்று. பாக்கி இந்தச் சனிக்கிழமை வகுப்பு ஒன்றுதான். திங்கட்கிழமை மத்தியானம் முதலாளி எல்லாப் பயிற்சியாளர்களின் லைசென்ஸையும் வாங்கிப் பார்ப்பார். கையில் இல்லாதவருக்கு வேலையும் இல்லை. இரண்டு வாரமாக முதுகுவலி என்று காரில் ஏறாமல் காலத்தை ஓட்டியவள், இன்றைக்குப் பல்வலி என்று லீவு போட்டிருந்தாள்.

தொழிலைக் கேட்டவர்களிடம் தையல் என்று சொல்லிவைத்தாள். பக்கத்துப் பெண் உடனே நெருங்கி உட்கார்ந்து, ஜன்னல் திரைக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்றாள். அது ஜன்னலைப் பொறுத்தது என்று பிரேக்கக்கா ரகசியம்போலச் சொன்னாள்.

முதல் மூன்று மணி நேரம் நல்லபடியாகப் போனது. நாலாவதில் வாத்தியார் பலகையில் ஒரு ரவுண்டானா வரைந்து, வண்டிகளை எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மழையில் பிரேக் சீக்கிரம் பிடிக்கும் என்றார். அவளுடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ரவுண்டானாவுக்குள் அவர் ஒரு லாரியையும் இறக்கியதும் பொறுக்க முடியவில்லை.

“சார், அந்த லாரி அப்படி வந்தா நேரா நம்ம மடியிலதான் உக்காரும்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் கோபப்படவில்லை. கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு, காற்றாகப் போன குரலில், “எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சும்மா. நீங்களே கொஞ்சம் நடத்துங்களேன்,” என்று சாக்பீஸை நீட்டிவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஒரு படத்தைத் திருத்திவிட்டு வந்துவிடத்தான் போனாள். ஆனால் ஒருவர் சந்தேகம் கேட்டார், அதிலிருந்து இன்னொருவருக்குச் சந்தேகம் வந்தது. பழகிய வாய் நிற்குமா? மணிக்கு ஒருதரம் வருகைப் பதிவேடு சுற்றிவந்தது. பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நடுவில் முதலாளி போன் செய்தார். பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவள் கன்னத்தை உப்பவைத்து முனகிக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஒருவர் வளைவில் ஓவர்டேக் பண்ணலாமா என்று கேட்டுத் தொலைத்தார்.

“பண்ணினா பல்லு மட்டுந்தான் மிஞ்சும்,” என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

அது யார் என்றார் முதலாளி. பல் டாக்டர், கார் பழக ஆசைப்படுகிறார் என்றாள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை லைசென்ஸைக் கொண்டுவரும்போது டாக்டரையும் கையோடு கூட்டி வரச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

டாக்டருக்கு எங்கே போவது என்பதை ஞாயிற்றுக்கிழமை யோசித்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள். வகுப்பு முடிந்தது. கைதட்டல்கூடக் கிடைத்தது. நிமிர்ந்த தலையோடு, முன்னறையில் சான்றிதழ் அச்சடிக்கும் பெண்ணிடம் போனாள்.

அந்தப் பெண் பதிவேட்டில் விரல் வைத்து எண்ணினாள். “உங்களுக்கு மூணு மணி நேரம்தான் இருக்குக்கா.”

“காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காம இங்கேயே நிக்கிறேனேம்மா.”

“நின்னீங்க. மிச்ச அஞ்சு மணி நேரமும் நீங்க ஆசிரியர் கட்டத்துலதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

பிரேக்கக்கா குனிந்து பார்த்தாள். ஐந்தும் அவள் கையெழுத்துதான். பதினோரு வருடமாகப் பாடம் நடத்தும்போது எந்தப் பதிவேட்டை நீட்டினாலும் அந்தக் கை அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். அப்போது வேறு கட்டம் ஒன்று இருப்பதே அதற்கு ஞாபகம் வராது. இனி அடுத்த சனிக்கிழமைதான் வகுப்பு. திங்கட்கிழமையோ நாளை மறுநாள்.

“உங்க சாரைக் கேளும்மா. நான் மாணவியாத்தான் வந்தேன்னு அவருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னா...”

வாத்தியார் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதிலிருந்து வந்த தாளைச் சூடு ஆறுவதற்குள் எடுத்துச் சட்டைப்பைக்கு அளவாக மடித்தார்.

“சார் என்னக்கா சொல்லுவார், பாவம். அவர் லைசென்ஸ் போயே நாலு மாசமாச்சு,” என்றாள் அந்தப் பெண். “பாடம் நடத்துறவர் பாடம் கேட்டதாக் கணக்கில்லையே. போன மாசம் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வந்து லாரி வரைக்கும் பொறுக்காம எழுந்தாங்க, அதுல மூணு மணி நேரம் தேறிச்சு. மிச்சம் அஞ்சும் இன்னிக்கு உங்க புண்ணியத்துல முடிஞ்சுது.”

வாத்தியார் கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார், ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தார், படியிறங்கிப் போனார்.