பீரோவின் மேல்முனையில் ஒரு சக்திப் பண்டிதர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. எதையும் தூக்கமாட்டார்கள், தூக்குகிறவனுடைய உடம்புச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று விலாவாரியாகச் சொல்வார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சக்திப் பண்டிதர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர்க் குடத்தை எடுக்கச் சொன்னால் முதலில் ஜன்னலைத் திறப்பார். "ஆக்ஸிஜன் வரட்டும்." பிறகு ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அது வயிற்றிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து செல்லுக்கும் போய்ச் சேரும்வரை நாற்காலியில் காத்திருப்பார். சேர்ந்ததும் எழுந்திருப்பாரா? நல்ல கேள்வி. அதற்குள் குடத்தை மனைவி எடுத்துப் போயிருப்பாள்.

எங்கள் மாடிக்குக் குடிவந்த பண்டிதரை நான் முதலில் பார்த்ததே படிக்கட்டின் திருப்பத்தில்தான். இரும்புப் பீரோவின் மேல்முனையில் அவர். கீழ்முனையில் அவர் மைத்துனன். பையன் தையல்காரன். விரல்தான் அவனுக்குப் பிழைப்பு. அந்த விரல்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டன.

"அத்தான், விரல் மாட்டிக்கிச்சு! கொஞ்சம் தூக்குங்க!"

வேறு யாராக இருந்தாலும் தூக்கியிருப்பார்கள். நம்மவர் தன் முனையைப் படியில் இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"மூச்ச நல்லா இழுத்து விடு மாப்ள. இப்ப உன் செல்லுக்குள்ள குளுக்கோஸ் ரெண்டா உடையுது. அதுக்கு ஆக்ஸிஜன் வேணாம். ஆனா அதுல கிடைக்கிற சக்தி வெறும் கொசுறு. உடைஞ்சது மைட்டோகாண்டிரியாங்கற செல்லோட அடுப்புக்குள்ள போயி, அங்க ஆக்ஸிஜனும் வந்து சேர்ந்தாத்தான் அசல் விளைச்சல்!"

"அத்தான், விரலு..."

"கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் கழிஞ்சிடும். சக்தி மட்டும் ஏடிபின்னு சின்னச் சின்னப் பொட்டலமா நிக்கும். ஆக்ஸிஜன் பத்தலன்னா லாக்டிக் அமிலம்! உன் கை நடுங்குது பாரு, பிரமாதமான உதாரணம்!"

"அத்தா..."

"பேசி ஆக்ஸிஜன வீணாக்காத."

பையனின் அலறல் கேட்டு ஓடிப்போய்க் கீழிருந்து பீரோவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. "யோவ், தூக்குய்யா!" என்று கத்தினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடிப்படையே தெரியாதவன் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

அப்போது மேலிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். அவள் பேசியது ஒரே வார்த்தை: "தள்ளுங்க!" பண்டிதரை ஒரு கையால் ஒதுக்கி, பீரோவை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினாள். விரல்கள் வெளியே வந்தன: சிவந்து, வீங்கி, நல்லவேளையாக எண்ணிக்கை குறையாமல். பையன் அவற்றை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பிறகு அக்கா, தம்பி, நான் மூவருமாகப் பீரோவை மேலே சேர்த்தோம். பண்டிதர் பீரோச் சாவியைச் சுமந்துகொண்டு பின்னால் ஏறினார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

"பாத்தீங்களா சார், விளக்கம் சொல்றதுக்கும் குளுக்கோஸ் எரியுது!" என்றார் என்னிடம், மிகுந்த மகிழ்ச்சியோடு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அதற்கும் குளுக்கோஸ் ஆகும். ஆனால் கொஞ்சம் காதைக் கொடுங்கள். நீங்கள் இதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து, உங்கள் வீட்டுக்குள் யாரோ "ஒரு கை பிடிங்களேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "இதோ, படிச்சு முடிச்சிட்டு வரேன்" என்றீர்கள்.

முடிந்துவிட்டது. போய்ப் பிடியுங்கள்.