கடைசி ரவுண்டில ஒரு முருகா

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. தலைமயிர் வெட்டுறது.

பின்னேரம் மனுசியின்ர தங்கச்சி வீடு குடிபுகுதல். "இஞ்சாருங்கோ, படம் எடுப்பினம். மனுசர் மாதிரி வெட்டிக்கொண்டு வாங்கோ" எண்டு சொல்லித்தான் மனுசி அனுப்பினவ.

மோர்டனில ரவி அண்ணையின்ர சலூனுக்குப் போனன். போன நேரம் பிழை.

ரவி அண்ணைக்குத் தலைமயிர் வெட்டுறது பகுதிநேர வேலை மாதிரி. முழுநேரமும் எங்கட பெடியளின்ர ஃபுட்போல் ரீமுக்கு மனேஜர். அண்டைக்கு டிராஃப்ட். கோடைகாலப் போட்டியில விளையாட விருப்பமான எல்லாற்ற பேரையும் ஒண்டாப் போட்டு, ரீமுகள் மாறி மாறி ஒவ்வொராளா எடுக்கிறது. அது ஃபோனில நடக்குது. ஸ்பீக்கரில! கண்ணாடிக்குக் கீழ, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில.

நல்ல விளையாட்டுக்காரர் எல்லாரும் எடுபட்டிட்டினம். மிச்சம் கடைசி ரவுண்ட்.

"கோல்கீப்பர்தான் வேணும்" எண்டார் ரவி அண்ணை, என்ர தலையில மெசினை ஓட்டிக்கொண்டு.

"விசரோ அண்ணை? இடப்பக்கம் மறிக்க ஆளில்லாம எப்பிடி விளையாடுறது? லெஃப்ட் பாக்கை எடுங்கோ!"

இது ஜெகன். பின்னால வாங்கில இருந்தவன். ரீமின்ர பரம ரசிகன். தலைமயிர் வெட்ட வந்திருக்க ஏலாது. அவன்ர தலையில வெட்ட ஒண்டுமில்லை.

"போனமுறை ஒரே மட்ச்சில ஏழு கோல் வாங்கினது மறந்து போச்சோ?"

"அந்த ஏழும் இடப்பக்கத்தாலதானே வந்தது!"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஃபுட்போலைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது, பந்து உருண்டை எண்டது மட்டும். ஆனா என்ர வாய் கேக்குமே?

"அண்ணை, கோல்கீப்பரையே கொஞ்சம் இடப்பக்கமா நிக்கச் சொன்னா என்ன?"

ரவி அண்ணை "என்னது?" எண்டு கையை வீசினார். மெசின் கையில இருக்கெண்டதை மறந்திட்டார்.

கர்ர்ர்ர்!

காதிலயிருந்து உச்சி வரைக்கும் ஒரு நேர் ரோட்டு.

"ஐயோ முருகா!" எண்டு கத்தினன்.

ஃபோனுக்குள்ள இருந்து ஒரு குரல்: "ஓகே ரவி அண்ணை, முருகா உங்களுக்கு. பதிஞ்சாச்சு!"

"ஆரப்பா முருகா?" எண்டு கேட்டன்.

ஜெகன் தலையில கை வைச்சான். "முருகதாஸ் அண்ணையைத்தான் எல்லாரும் முருகா எண்டுறது. ஒவ்வொரு வருசமும் பேர் குடுப்பார். ஒருத்தரும் எடுக்கிறேல்லை. போன வருசம் கிரவுண்டில கோடு கீறப் போனவர், அதுக்கே மூச்சு வாங்கி இருந்திட்டார்."

ரவி அண்ணை ஃபோனைப் பிடிச்சுக் கத்தினார். "டேய், அது கஸ்டமர் சாமியைக் கூப்பிட்டவர்!"

"உங்கட ஃபோனிலயிருந்துதானே அண்ணை வந்தது. ரூல் ரூல்தான்."

ரோட்டை மறைக்க வழியில்லை. முழுசா மொட்டை போடுறதெண்டு முடிவாச்சு. அது முடிய முதலே கதவு திறந்துது. "முருகதாஸ் அண்ணை!" எண்டான் ஜெகன். ஆரோ அதுக்குள்ள அவருக்கு ஃபோனில சொல்லியிருக்கினம் போல. கையில கேக் பெட்டி. கண் கலங்கியிருந்துது.

"ரவி, இவ்வளவு வருசத்தில உனக்கு மட்டும்தானடா என்ர விளையாட்டு விளங்கினது."

ரவி அண்ணை என்னை ஒருக்கால் முறைச்சார். பேந்து முருகதாஸ் அண்ணையின்ர முகத்தைப் பாத்தார்.

"ஓம் அண்ணை. கனநாளா உங்களிலதான் கண் வைச்சிருந்தனான்."

மனுசன் உண்மையில நல்லவர்.

"நான் எந்த இடத்தில விளையாடுறது?"

"கோல்கீப்பர்!" எண்டார் ரவி அண்ணை. "லெஃப்ட் பாக்!" எண்டான் ஜெகன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில.

முருகதாஸ் அண்ணை நெஞ்சை நிமித்தினார். "ரெண்டும் ஏலும்."

வீட்டை போனன். மனுசி கதவைத் திறந்து பாத்திட்டு, திருப்பிச் சாத்தினவ.

பின்னேரம் குடிபுகுதல் வீட்டில எல்லாப் படத்திலயும் என்ர தலைதான் பளிச்செண்டு நிக்குது. வந்த சொந்தமெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "என்ன தம்பி, நேர்த்திக்கடனோ?"

"ஓம்" எண்டன். "முருகாவுக்கு."