லிஃப்டுக்குள் ஒரு குடியரசு

நீரிலும் நிலத்திலும் வாழும் தவளையை இருவாழ்வி என்கிறோம். பல்கலைக்கழகங்களில் அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு: இருபாடி. சமூக மானுடவியலையும் அரசியலையும் ஒரே பட்டத்துக்குச் சேர்த்துப் படிக்கும் உயிரினம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் சண்டை என்றால் நாம் விலக்கிவிடுவோம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு காதை மட்டும் வெளியே வைப்போம். இருபாடி என்ன செய்யும்? "தலையிடாதே, கவனி" என்கிறது ஒரு பாடம். "சும்மா இருக்காதே, தலைமை ஏற்றுக்கொள்" என்கிறது மற்றது. பாவம், இரண்டையும் செய்யும்.

எங்கள் அடுக்குமாடியிலும் ஒருவன் இருந்தான். ஒருநாள் காலை அவன், அவன் அப்பா, வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பிய அவன் அக்கா, நான் ஆகிய நால்வரும் லிஃப்டில் இறங்கும்போது அது நடுவழியில் நின்றது. அக்கா அபாயப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். தம்பி குறுக்கே பாய்ந்தான்.

"தொடாதே அக்கா! இப்பதான் இங்க ஒரு சமூகம் உருவாகுது. வெளியாள் வந்தா கெட்டுப்போயிடும்."

"டேய், எனக்கு இன்டர்வியூடா!"

"சரி, பொத்தானை யார் அமுக்கறதுன்னு முடிவு பண்ண ஒரு தலைவர் வேணும். யாருக்கு என்ன அதிகாரம்? தேர்தல் வைப்போம்."

அப்பா பெருமூச்சு விட்டார். "இவனையே தலைவராக்கிடுங்க. அப்பவாவது வாய மூடுவான்."

போட்டியின்றித் தேர்வானான். மூடினானா? ஏற்புரை, நன்றியுரை, அப்பாவின் மௌனத்தை ஆராய ஒரு குழு, அந்தக் குழுவுக்கு அப்பாவே தலைவர், அவர் மறுத்ததும் நெருக்கடி நிலைப் பிரகடனம். அக்கா குனிந்தாள்; தலைவரின் அக்குளுக்கடியில் புகுந்து பொத்தானை அமுக்கினாள். மணி அலறியது.

"ஆட்சிக் கவிழ்ப்பு!" என்று கத்தினான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மெக்கானிக் வந்து கதவைத் திறந்ததும் அக்கா ஓடினாள். நானும் அப்பாவும் இறங்கினோம். அவன் இறங்கவில்லை.

"வாடா வெளியே!"

"பதவிக்காலம் முடியலையேப்பா."

கதவு மூடிக்கொண்டது. குடிமக்கள் யாருமில்லாத நாட்டோடு அவன் மேலே போனான்.

தாமதமாய் வந்ததற்கு அக்கா சொன்ன காரணத்தைக் கேட்டு நேர்காணல் எடுத்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்களாம். "இப்படி ஒரு தம்பியோட வளர்ந்தீங்களா? உங்க பொறுமை எங்களுக்கு வேணும்" என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். தம்பி நடந்ததையெல்லாம் நீண்ட கட்டுரையாக்கி இரண்டு துறைகளிலும் கொடுத்தான். மானுடவியல் துறை "இது அரசியல்" என்று திருப்பியது. அரசியல் துறை "இது மானுடவியல்" என்றது. இப்போது அந்த இரு துறைகளுக்கும் நடுவே உள்ள தகராறைத் தலையிடாமல் கவனித்து வருகிறான். சமாதானக் குழுவுக்குத் தலைவரும் அவனே.

சிரிக்கிறீர்கள். இதை வாசிக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து உங்களை இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. நீங்கள் எழுந்திருக்கவில்லை. அந்தக் குரலுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றுதானே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?