அதிகாலை உறுப்பினர்கள்

ஒருவரைப் பாராட்டுவதற்கு முன் அவர் யாரென்று தெரிந்துகொள்வது நல்லது. இதை நான் கற்றுக்கொண்டது பதினைந்து வயதில், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில்.

அது மலாயாவில் வெள்ளைக்கார ஆட்சி அறிவித்த அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் சோற்றுப் பொட்டலத்தைக்கூடத் தோட்டத்து வாசலில் போலீசார் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கோலசிலாங்கூர்ப் பக்கம் எங்கள் உயர்நிலைப்பள்ளியில் அந்த வருஷம்தான் மாணவர்களே நடத்தும் சங்கங்கள் தொடங்கின. விவசாயச் சங்கத்துக்கு நான் செயலாளர். (பேச்சுச் சங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் பிறகு புரியும்.)

பள்ளிக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் தொடங்கும் ஓரத்தில் நாற்பது மரவள்ளி நட்டோம். செடிகள் ஆளுயரம் வளர்ந்தபின் ஒரு விநோதம் நடந்தது. காலை ஏழு மணிக்கு லோரியில் வந்து இறங்கிப் பார்த்தால், இரண்டொரு செடிகளுக்கு அடியில் மண்ணைப் புதிதாகக் கொத்தி அணைத்திருக்கும். காலடித் தடம் ஒன்றுகூட இருக்காது. இலைக்கொத்தால் பெருக்கிய கோடுகள் மட்டும் இருக்கும்.

யாரோ சிரத்தையுள்ள உறுப்பினர் என்று பூரித்துப்போய், ஒரு மண்வெட்டியை வெளியே சாத்திவைத்தேன். மறுநாள் அது கழுவித் துடைத்து அதே இடத்தில் இருந்தது. இன்னொரு நாள் அந்த மண்ணில் கை வைத்தபோது, மரங்களுக்குள் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் சட்டென்று நின்றன. எனக்கு முதுகு சில்லிட்டது. மலேரியா என்று நினைத்துக் கொயினா மாத்திரை விழுங்கினேன். ஊரடங்கு முடிவதே ஆறு மணிக்கு, அதற்கு முன்னால் எந்த மாணவர் வர முடியும் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஆண்டுவிழா மேடையில் மாவட்ட அதிகாரியும் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில், இரவல் கோட்டில் என் அப்பா. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவர். நான் எங்கள் சங்கத்தின் அறிக்கையை வாசித்தேன்:

"நமக்கு முன்பே வந்து, பெயர் சொல்லாமல் உழைக்கும் அதிகாலை உறுப்பினர்களுக்கு எங்கள் நன்றி. அவர்கள் வசதிக்காக மண்வெட்டி ஒன்றும் வழங்கியுள்ளோம்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பாராட்டி எழுதப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

பிறகு அறுவடை. அதிகாரி முதல் செடியை இரண்டு கையாலும் இழுத்தார். அது சுலபமாக வந்துவிட, மல்லாந்து விழப் பார்த்தார். அடியில் கிழங்கு இல்லை. கிழங்கை அறுத்து எடுத்துவிட்டுத் தண்டைத் திரும்ப நட்டிருந்தார்கள். அடுத்ததும் அப்படியே. நாற்பதும் அப்படியே. சிலது புதுவேர்கூட விட்டிருந்தது. எல்லோரும் மெதுவாக ரப்பர் மரங்களின் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளேயிருந்து யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போட்டால் சிறை. அப்பாவின் வேலையும் வீடும் போய்விடும்.

"எத்தனை பேரும்மா அவங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், ஸ்டேஷனில்.

"நான் பாத்ததே இல்ல சார்."

அப்பா எழுந்தார். "சார், தெரிஞ்சு செஞ்சிருந்தா மேடையில நின்னு சொல்லுவாளா? என் மகளுக்குப் புத்தி கொஞ்சம் கம்மி சார்."

இன்ஸ்பெக்டர் என் அறிக்கையை மறுபடி முழுக்கப் படித்தார். "கம்மிதான்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். வீடு வரும்வரை அப்பா என் கையை விடவில்லை.

இன்றும் வீட்டில் வைத்த கேக் காணாமல் போனால், "அதிகாலை உறுப்பினர் வந்துட்டுப் போயிட்டாங்க லா" என்பாள் என் பேத்தி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பொழுது சாய்வதற்குள் மண்வெட்டியை எடுத்து உள்ளே வைக்கும் வேலையை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை.